வாட்ஸ்அப்பில் வளர்ந்த தொழிலை அதிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் நம்மவர் நடத்தும் பல சிறுதொழில்களுக்கு முதல் அலுவலகம் ஒரு கைப்பேசி எண்தான். வீட்டுச் சமையலறையில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவர், ரவிக்கை தைப்பவர், மாலை கட்டிக் கொடுப்பவர், துணைப்பாட வகுப்பு நடத்துபவர், விசேஷ வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங் நிறுவனத்தார் என யாராக இருந்தாலும், வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே புழங்கும் இடம் என்பதால் வாட்ஸ்அப்பிலேயே தொழிலைத் தொடங்குகிறார்கள். செலவில்லை, பயிற்சி தேவையில்லை, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இதில் தவறொன்றும் இல்லை. தொழில் நன்றாகப் போகத் தொடங்கி, இரண்டு பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்யும் நிலை வரும்போதுதான் சிக்கல் தலைகாட்டுகிறது. அப்போதும் எல்லா வேலையும் அரட்டைக் குழுக்களிலேயே நடந்தால் என்னென்ன கெடும், அவற்றை எந்த வரிசையில் வெளியே எடுக்க வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. எடுத்துக்காட்டுக்குக் கேட்டரிங் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். நேரம் தவறினால் திருத்த முடியாத தொழில் என்பதால் குறைகள் அதில் பளிச்சென்று தெரியும்.

மாற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதை ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணிக்க முடியாது. வரும் சனிக்கிழமைக்கு எத்தனை ஆர்டர், எந்தெந்த இடத்துக்கு, யார் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்ற மூன்று கேள்விகளை முதலாளியைத் தவிர வேறொருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குழுவை மேலும் கீழும் தள்ளித் தேடினாலோ, “அண்ணன்கிட்டதான் கேக்கணும்” என்றாலோ நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஓர் ஆர்டர் எப்படித் தவறுகிறது

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு வாடிக்கையாளர் எழுதுகிறார்: “அண்ணா, வர்ற சனிக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்பு. 80 பேருக்கு சைவம். ஈசூன்ல எங்க புளோக் வாய்ட் டெக். 12 மணிக்கு வேணும்.” (வாய்ட் டெக் என்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த தரைத்தளம்.) முதலாளி “சரிம்மா” என்று பதில் அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை அப்படியே சமையலறைக் குழுவுக்குத் தள்ளிவிடுகிறார். தலைமைச் சமையல்காரர் கட்டைவிரலைக் காட்டுகிறார். வியாழக்கிழமை அதே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு குரல்பதிவு வருகிறது. அதன் முதல் பாதி முழுக்க வீட்டு விவகாரம். பிற்பாதியில் இன்னும் 20 பேர் கூடுவார்கள், ஐந்து பேருக்கு வெங்காயம் பூண்டு சேர்க்கக் கூடாது, நல்ல நேரம் மாறியதால் பதினொன்றரைக்கே சாப்பாடு வந்துவிட வேண்டும் என்ற மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. முதலாளி வேன் ஓட்டிக்கொண்டே அதைக் கேட்கிறார், “ஓகேம்மா” என்கிறார், இறங்கியதும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

சனிக்கிழமை 80 பேருக்கான சாப்பாடு 12 மணிக்குப் போய்ச் சேருகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாகவும் இல்லை. வாடிக்கையாளரின் கையில் “ஓகேம்மா” என்ற சான்று இருக்கிறது, சமையல்காரரின் கையில் 80 என்ற சான்று இருக்கிறது. முதலாளி பிற்பாடு குழுவில் “100” என்று தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அந்த எண் குரலில்தான் இருக்கிறது. கேட்டரிங் உணவில் அரை மணி நேர மாற்றம் சின்ன விஷயமும் இல்லை. அந்த உணவில் நேர முத்திரை இடவேண்டும் என்றும், சமைத்த 4 மணி நேரத்துக்குள் அது உண்ணப்பட வேண்டும் என்றும் சிங்கப்பூர் உணவு அமைப்பு வலியுறுத்துவதால், அடுப்பு பற்றவைக்கும் நேரமே டெலிவரி நேரத்தை வைத்துத்தான் முடிவாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அரட்டைச் செயலி எல்லாவற்றையும் வந்த நேரப்படி அடுக்குகிறதே தவிர, எந்த ஆர்டரைச் சேர்ந்தது என்று பார்த்து அடுக்குவதில்லை என்பதுதான். ஓர் ஆர்டரின் ஐந்து துண்டுகள் ஐந்து நாளில், மூன்று குழுக்களில், எழுத்தும் படமும் குரலுமாகச் சிதறிக் கிடக்கும். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், திருத்தியதற்குத் தனி அறிவிப்பு வராது. இரண்டு நாளுக்கு மேலாகியும் அனைவருக்கும் சேர்த்து அழிக்க முடியும். கட்டைவிரல் எமோஜியோ பார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், செய்து முடித்துவிட்டேன் என்ற மூன்றில் எதைச் சொல்கிறது என்று அதைப் போட்டவருக்கே சில நேரம் தெரியாது. நண்பர்களோடு பேசுவதற்கு இவையெல்லாம் வசதிகள். ஆனால் ஓர் ஆர்டர் முடிந்ததா, இல்லையா என்ற நிலையே அரட்டையில் கிடையாது. அங்கே எதுவும் முடிவதில்லை, மேலே போய் மறைகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஆர்டர் பதிவேடு

மென்பொருள் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய, செய்யவும் வேண்டிய வேலை இது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே ஒரு இருப்பிடம் என்று முடிவு செய்யுங்கள். ஆர்டரின் இருப்பிடம் பதிவேடு. அரட்டையில் வருவது செய்தி மட்டுமே, பதிவேட்டில் ஏறிய பிறகுதான் அது ஆர்டர்.

பதிவேடு ஒரு கூகிள் ஷீட்டாகவோ எக்செல் கோப்பாகவோ இருந்தால் போதும். ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. ஆர்டர் எண், தேதி, சாப்பாடு போய்ச் சேர வேண்டிய நேரம், இடம், பேர் எண்ணிக்கை, சைவமா அசைவமா, சிறப்புக் குறிப்பு, தொகை, முன்பணம், நிலை, கடைசியாக மாற்றியவர், மாற்றிய நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். தொடக்கத்திலேயே முப்பது பத்திகள் போட்டால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். ஆர்டர் எண்ணுக்குத் தேதியையே முன்னால் வைத்தால் நினைவில் நிற்கும். நவம்பர் 15ஆம் தேதியின் நான்காவது ஆர்டர் என்றால் 1511-04. நிலை என்ற பத்தியில் அவரவர் தோன்றியதை எழுதவிடாமல், விசாரணை, உறுதி, சமையல், அனுப்பியது, பணம் முடிந்தது என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள்.

பதிவேட்டை உயிரோடு வைத்திருப்பவை இரண்டு விதிகள்தான். எண் இல்லாத ஆர்டருக்குச் சமையலறை அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது முதலாவது. வாடிக்கையாளர் சொன்ன மாற்றத்தைக் காதில் வாங்கியவர் யாரோ அவரே, பதில் சொல்வதற்கு முன்னால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது இரண்டாவது. வேன் ஓட்டும்போது ஏற்ற முடியாதே என்றால், வேன் ஓட்டும்போது “ஓகேம்மா” என்றும் சொல்ல வேண்டாம். “கேட்டுட்டு அரை மணி நேரத்துல உறுதி சொல்றேன்” என்று சொன்னால் எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்றிய பிறகு வாடிக்கையாளருக்கு முழு விவரத்தையும் திரும்பச் சொல்லும் ஒரு செய்தியை வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்: “ஆர்டர் 1511-04. சனிக்கிழமை, நவம்பர் 15, காலை 11.30. ஈசூன், உங்கள் புளோக் வாய்ட் டெக். சைவம் 100 பேர், அவர்களில் 5 பேருக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல். மாற்றம் இருந்தால் வியாழன் மாலை 6 மணிக்குள் தெரிவிக்கவும்.” மாற்றம் வரும்போதெல்லாம் அதே எண்ணோடு முழுச் செய்தியும் மீண்டும் போக வேண்டும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்ற வசதி உண்டு, அதில் சேமித்துவைத்து எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் ஒரு பிணக்கு சிறு கோரல் நடுவர் மன்றம் வரைக்கும் போனாலும், சிதறிக் கிடக்கும் குரல்பதிவுகளைக் காட்டுவதைவிட இந்த ஒற்றைச் செய்தியைக் காட்டுவது எளிது. அந்த மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம் என்பதையும், விவகாரம் எழுந்த 2 ஆண்டுக்குள் வழக்கைப் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்திய குரல்பதிவைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் சொல்வதன் அருமை புரியும்.

கணினி பழகாத மூத்த சமையல்காரருக்காக இந்தத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. விசேஷத்துக்கு முந்திய நாள் மாலை 6 மணிக்குப் பதிவேட்டை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு வரும் மாற்றத்தைச் சிவப்பு மையில் ஒருவர் மட்டுமே எழுதலாம் என்று வையுங்கள். என் கருத்தில், பாதிப் பேர் திறந்தே பார்க்காத செயலியைவிடச் சுவரில் ஒட்டிய தாள் ஆயிரம் மடங்கு மேல்.

பணம்: ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது

பேநவ் எனும் வங்கிப் பணப்பரிமாற்ற வசதி வழியாகப் பணம் அனுப்பிவிட்டு அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்ததும் “வந்துருச்சு, நன்றி” என்று பதில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அப்படியே அது உண்மையானதாக இருந்தாலும், எந்த ஆர்டருக்கு வந்த பணம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பதிவேட்டின் முன்பணப் பத்தியை நிரப்ப வேண்டும், அதை நிரப்பும் பொறுப்பும் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

முதலாளியின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் வாங்கும் பழக்கத்தையும் இதே சமயத்தில் விட்டுவிடுங்கள். நிறுவனங்கள் தங்கள் பதிவு எண்ணான யுஇஎன்னைக் கொண்டே பேநவ் பெறும் வசதி 2018ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. குறிப்பு எழுதும் இடத்தில் ஆர்டர் எண்ணைப் போடச் சொன்னால், மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்துவிடலாம். வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் கலந்து கிடக்கும் ஒருவர், ஆண்டு வருமானம் 1 மில்லியன் வெள்ளியை நெருங்குவதையே கவனிக்காமல் போகக்கூடும். அந்த எல்லையைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொள்வது கட்டாயம்.

வியாபாரப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் எதிர்பார்க்கிறது. சந்தையில் வாங்கிய காய்கறி பில்லைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் அது பாதுகாக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கைப்பேசி மாறும், சேமிப்பிடம் நிறைந்ததென்று யாரோ படங்களை அழிப்பார்கள், 90 நாளில் தானாக மறையும் அமைப்பை யாரோ போட்டுவைத்திருப்பார்கள். பில்லின் படத்தை அன்றே கணக்கு மென்பொருளிலோ, மாதவாரியான ஒரு கோப்புறையிலோ ஏற்றிவிடுங்கள். மேலும், 2026 ஏப்ரல் 1 முதல் தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் புதிதாகப் பதிபவர்கள் தங்கள் இன்வாய்ஸ் விவரங்களை மின்னிலக்க இன்வாய்ஸ்களுக்கான இன்வாய்ஸ்நவ் கட்டமைப்பின் வழியே ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். படமாக எடுத்து அனுப்பும் பில்லுக்கு அங்கே இடமில்லை. பதிவேடு ஒழுங்காக இருப்பவர் அந்த மாற்றத்தைச் சிரமமின்றிக் கடந்துவிடலாம்.

எண் யாருடையது, தகவல் யாருடையது

வாட்ஸ்அப் கணக்கு ஒரு தொலைபேசி எண்ணோடு பிணைந்தது. அந்த எண் விற்பனை ஊழியரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடலாம், அதில் அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. நிறுவனத்தின் பெயரில் ஒரு எண் வாங்குங்கள், அந்த சிம் அட்டை கடையை விட்டு வெளியே போகாத ஒரு கைப்பேசியில் இருக்கட்டும். அதே கணக்கை மேலும் நான்கு சாதனங்களில் இணைத்துக்கொள்ளலாம் என்பதால் எல்லோரும் ஒரே கைப்பேசியைச் சுற்றி நிற்க வேண்டியதில்லை. இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டு, அதை முதலாளியைத் தவிர இன்னொரு நம்பகமானவரிடமும் எழுதிக் கொடுத்துவையுங்கள். பதிவுக்கான சரிபார்ப்பு எண்ணை யார் கேட்டாலும், அவர் பழகியவர் போலவே எழுதினாலும், கொடுக்கக் கூடாது என்று எல்லா ஊழியர்களிடமும் சொல்லிவையுங்கள்.

சட்டச் சிக்கல் வேறு இருக்கிறது. குழுவிலிருந்து ஒருவரை நீக்கினாலும், அதுவரை வந்த செய்திகள் அவருடைய கைப்பேசியிலேயே இருக்கும். வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, எண், விசேஷ நாள் எல்லாம் அவற்றில் அடக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், சிறிய கடையில் அவர் முதலாளியாகவே இருக்கலாம். தகவல் கசிந்து 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று கணித்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். பெரிய மீறலுக்கு அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம். ஆகவே டெலிவரிக் குழுவில் அன்றன்றைக்குத் தேவையான முகவரியையும் நேரத்தையும் மட்டும் ஆர்டர் எண்ணோடு போடுங்கள். அடையாள அட்டையின் படத்தைக் குழுவில் அனுப்பச் சொல்லும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். சட்டம் கோரும் இடங்களிலும், ஆளை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டிய கட்டாயம் உள்ள இடங்களிலும் தவிர அடையாள அட்டை நகலை வாங்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது.

செயலியே நின்றுபோகும் நாளையும் கணக்கில் கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு என்பதால் பெரும்பாலோர் தூங்கி எழுந்து செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, அதாவது தீபாவளிக்கு மறுநாள், பிற்பகல் 3 மணியளவில் இரண்டு மணி நேரம் நின்றபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஓட்டுநரின் சாதாரணத் தொலைபேசி எண்ணும் அன்றைய டெலிவரிப் பட்டியலின் அச்சும் கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்தைச் சமாளித்துவிடலாம்.

ஊழியர் நேரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். “நாளைக்கு 5 மணிக்கு வந்துடுங்க” என்று இரவு 11 மணிக்குக் குழுவில் போடுவது வேலை அட்டவணை ஆகாது, “நேத்து ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா பாத்தேன்ணே” என்ற செய்தி மிகைநேரப் பதிவும் ஆகாது. விவரமான சம்பளச் சீட்டும் எழுத்துவடிவிலான முக்கிய வேலை நிபந்தனைகளும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். அந்த நிபந்தனைகளை ஊழியர் வேலையைத் தொடங்கிய 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மிகைநேர வேலை மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பைக் கடைப்பிடிக்க, யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடை வாசலில் வைத்த ஒரு நோட்டுப் புத்தகமும் கையொப்பமும்கூட இதற்குப் போதும்.

மென்பொருளை எப்போது வாங்கலாம்

பதிவேட்டைச் சில மாதங்கள் ஒழுங்காக நடத்திப் பார்த்த பிறகுதான். எந்தப் பத்தி பயன்பட்டது, எது வெறுமனே கிடந்தது, எந்த இடத்தில் இருவர் ஒரே வரியைத் திருத்தி மோதிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் தெரியும், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பேசினால் தேவையற்ற வசதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது. பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள்களுக்குத் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. நிறுவனங்களுக்கான மின்னிலக்க அடையாளமான கார்ப்பாஸ் கொண்டு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ முன்பணம் கட்டினாலோ மானியம் கிடைக்காது என்பதை விற்பனையாளர்கள் எல்லோரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் தகவலை முழுமையாக எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதையும் கையெழுத்திடும் முன் கேளுங்கள். முடியாதென்றால் வாட்ஸ்அப்பிலிருந்து தப்பி இன்னொரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

மாறும் நாட்களில்

தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள். ஆர்டர்கள் குறைவான ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஆர்டரை மட்டும் பதிவேட்டுக்குக் கொண்டுபோங்கள். அது பழகிய பிறகு பணம், அதன் பிறகு ஊழியர் நேரம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்ற முயன்றால், அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் பழைய குழுவுக்கே திரும்பியிருப்பார்கள். விதியை அதிகம் மீறப்போகிறவர் முதலாளிதான் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் நேரடியாக அவருக்கு எழுதுவார், அவரும் பழக்கதோஷத்தில் சமையலறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். அப்போது “எண் என்னண்ணே?” என்று கேட்கும் உரிமை சமையலறையில் உள்ள கடைசி உதவியாளருக்கும் உண்டு என்று முதலாளியே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவைக்க வேண்டும்.

பழைய ஆர்டர் குழுவை உடனே கலைக்க வேண்டாம். நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிட்டால் அது அறிவிப்புப் பலகையாக மாறிவிடும், பதிவேட்டின் இணைப்பை அதன் விளக்கப் பகுதியில் போட்டுவையுங்கள். நிலுவையிலுள்ள பழைய ஆர்டர்கள் முடிந்த பிறகு, அரட்டையை ஏற்றுமதி செய்து நிறுவனத்தின் கோப்புறையில் ஆண்டைக் குறித்துச் சேமியுங்கள். ஏற்றுமதிக்கு வரம்பு இருப்பதால் மிகப் பழைய செய்திகள் விடுபட்டிருக்கலாம், எனவே கோப்பைத் திறந்து எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, கணக்குக்குத் தேவையான பில் படங்களைத் தனியே எடுத்துவைத்த பிறகே குழுவை மூடுங்கள்.